கணபதி மேஸ்திரியின் இடது குதிகால்

ஹேடோ ஜெட்டியில் மெயின்லேண்ட் கப்பல் வந்து கட்டினால் போர்ட் பிளேர் முழுக்க ஒரு சந்தோஷம் பரவும். வெங்காயம் வந்துவிட்டது, உருளைக்கிழங்கு வந்துவிட்டது, மகள் கல்யாணத்துக்குச் சொல்லிவைத்த பட்டுப்புடவை வந்துவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். அந்தச் சந்தோஷத்தில் சேராத ஒரே ஆள், அந்தச் சரக்கை இறக்குகிறவர்களுக்கு மேஸ்திரியாக இருந்த கணபதிதான். மெயின்லேண்ட் சாமானை இறக்கியே சம்பளம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, அந்தச் சாமானை அவரைப்போல் ஏசியவர் இந்தத் தீவுகளில் வேறு யாரும் கிடையாது. அங்கே விளைகிற தக்காளிக்குத் தோல் மட்டும்தான் உண்டு, அங்கே படித்த டாக்டருக்குக் கண்ணாடி மட்டும்தான் உண்டு என்பார்.

ஒரு மழைக்காலத்தில் புயல் வந்து மெயின்லேண்ட் கப்பல் வராமல் நின்றுவிட, ஊரே வெங்காயம் இல்லாமல் தவித்தது. கணபதி மட்டும், வெங்காயம் போடாத குழம்புதான் குழம்பு, இத்தனை நாளாக நாக்கை ஏமாற்றிவிட்டார்கள் என்று வீதியில் நின்று பேசினார். அந்த வாரமே அவர் ஜெட்டியில் கட்டிக் கிடந்த ஒரு கப்பலின் சமையல்காரரிடம் கெஞ்சி, சட்டைப் பையில் வெங்காயத்தை ஒளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தது அவர் மனைவி ராசம்மாவுக்குத் தெரியும். சட்டையைத் துவைக்கிறவள் அவள்தானே. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கதை வரும், அதையும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இந்தக் கோபம் சும்மா வந்ததில்லை. சிலோன் மலைத்தோட்டத்தில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த அவருடைய அப்பா அம்மாவை, உங்கள் நாடு இது இல்லை என்று கப்பலேற்றி அனுப்பியபோது கணபதி சின்னப் பையன். மண்டபம் முகாமில் வெயிலில் வரிசையில் நின்றதும், வரிசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் இவர்களைப் பார்த்த பார்வையும் அவருக்கு மறக்கவே இல்லை. பிறகு நிக்கோபார் பக்கம் கட்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை கொடுத்து, வீடும் கொடுத்தார்கள். வேண்டும் என்று தன்னைக் கூப்பிட்ட மண் இது ஒன்றுதான் என்று அவர் நம்பினார். வாலிபத்திலேயே ஜெட்டி வேலைக்குப் போர்ட் பிளேர் வந்துவிட்டார். சுனாமி வந்து கட்சால் வீட்டைக் கொண்டுபோன பிறகும், கடல்மேல் அவருக்கு வராத கோபம் மெயின்லேண்ட்மேல் இருந்தது.

அப்படிப்பட்டவரின் இடது குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது.

முதலில் அதைத் தார் என்று நினைத்தார். ஜெட்டியில் தாருக்கா பஞ்சம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார், செங்கல்லால் உரசினார், போகவில்லை. புளியங்கொட்டை அளவுக்கு வந்து, ஓரங்கள் தேங்கிய மழைத்தண்ணீர்போல் ஒழுங்கில்லாமல் பரவியது. ராசம்மா பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னாள். பார்க்கலாம் என்றார். மறுபடியும் சொன்னாள். தாருக்கெல்லாம் டாக்டரா என்றார். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், அவர் தார் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்மை என்னவென்றால், அவருக்குப் பயம். ஆஸ்பத்திரியில் பெரிய நோய் என்று தெரிந்தால் மெயின்லேண்டுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அப்படி எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் தூக்குப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் கப்பலேறுவதை அவர் ஜெட்டியில் நின்று வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறார். பலர் திரும்பி வந்தார்கள். ஆனால் அவர் நினைவில் நின்றதெல்லாம் திரும்பாதவர்களின் முகம்தான்.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கு அகிலா குடிவந்தாள். விருதுநகர்ப் பெண், போர்ட் பிளேரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. தீவுச் செடிகளிலிருந்து சாறு எடுத்து, அதிலுள்ள சத்துக்கள் தோல் புற்றுநோய்ச் செல்களை என்ன செய்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. மெயின்லேண்டிலிருந்து ஒருத்தி நம்முடைய இலையைத் தேடி வந்திருக்கிறாள் என்றதும் கணபதிக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கு வெளியே பெரார்கஞ்சில் ராசம்மாவின் தம்பி விஜயனுக்குப் பாக்குத் தோட்டம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அங்கே கூட்டிக்கொண்டு போய், தோட்டத்தைத் தன்னுடையது மாதிரியே சுற்றிக் காட்டினார். பாக்கு மரத்தில் ஏறிக் கிடந்த ஒரு கொடியை, பால் வடிகிற பெயர் தெரியாத கொடி, அவள் மற்ற செடிகளோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டாள். விஜயன் அதைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம், அகிலா ராசம்மாவின் மீன்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கொடியைப் பற்றிச் சொன்னாள். ஆராய்ச்சிக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்த தோல் புற்றுநோய்ச் செல்கள் மேல் அதன் சாற்றை விட்டார்கள், முக்கால்வாசிச் செல்கள் செத்துப்போயின என்றாள். கணபதி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். ஆனால், என்று ஆரம்பித்து அகிலா மேலே ஏதோ சொன்னாள். நல்ல தோல் செல்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குச் செத்தன, அதனால் இது மருந்தாக ஆகாது, அதிலிருந்து ஏதாவது ஒரு பொருளைத் தனியாகப் பிரித்தால் பார்க்கலாம் என்று சொன்னாள். அந்த ‘ஆனால்’ வந்தபோது கணபதி கை கழுவாமலே வாசலுக்குப் போய், விஜயனைப் போனில் கூப்பிட்டு, அந்தக் கொடியில் கை வைத்தால் கையை ஒடிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஜெட்டி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கேன்சருக்கு மருந்து பெரார்கஞ்சில் இருக்கிறது, கண்டுபிடித்தது கணபதி மேஸ்திரி, கூட ஒரு சைன்ஸ் பெண்ணும் இருந்தாள். டீக்கடை வங்காளி, க்யா பாத் ஹை மேஸ்திரி என்று பாராட்டி, சர்க்கரை தூக்கலாக டீ போட்டுக் கொடுத்தார். கிரேன் ஓட்டுகிற முனியாண்டிக்குக் கழுத்தில் ரொம்ப நாளாக ஒரு கறுத்த மரு இருந்தது. கணபதி இலை கொடுத்தார். அரைத்துப் போட்டான், மரு உதிர்ந்து விழுந்தது. அதற்கு மேல் யார் வாயைக் கட்ட முடியும். படைக்கும் தேமலுக்கும் காலாணிக்கும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கணபதி இலவசமாகத்தான் கொடுத்தார். ஆனால் இலைக்கு முன்னால் மெயின்லேண்ட் மருந்துக் கம்பெனிகளைப் பற்றி அவர் ஆற்றுகிற உரையைக் கேட்டே ஆகவேண்டும். அது இலையைவிடக் காரமாக இருந்தது.

கூட்டமெல்லாம் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, தன் குதிகாலிலும் அரைத்துப் பற்றுப் போட்டார்.

எரிந்தது. எரிந்தால்தான் மருந்து என்று பல்லைக் கடித்துக்கொண்டார். கொப்புளம் கிளம்பி, கறுப்புத் தோல் தகடாகக் கழன்று விழுந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். அன்று கணபதி டீக்கடைக்குப் போய், செருப்பைக் கழற்றி, குதிகாலைப் பெஞ்சுமேல் தூக்கி வைத்தார். வருகிறவன் போகிறவனெல்லாம் குனிந்து பார்த்தான். ஒரு தெலுங்குக்காரர் தொட்டுக் கும்பிட்டார். தார் என்று வீட்டில் சொல்லிவந்ததை இப்போது கேன்சர் என்று அவரே ஊரில் சொன்னார். குணமான பிறகு கேன்சர் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு கௌரவம் இருக்கிறது.

அகிலா பார்த்துவிட்டு வெளிறிப்போனாள். தட்டில் இருக்கிற செல்லைக் கொல்வது பெரிய காரியம் இல்லை அங்கிள், சோப்புத் தண்ணீர் விட்டாலும் சாகும், பாத்ரூம் கழுவுகிற பிளீச்சிங் பவுடர் போட்டாலும் சாகும், இது மேல்தோலைத்தான் பொசுக்கியிருக்கிறது, அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று அழாத குறையாகச் சொன்னாள். படித்த படிப்பில் உனக்கே நம்பிக்கை இல்லையே புள்ள என்று கணபதி அவளுக்காக வருத்தப்பட்டார்.

பிறகு ஒரு நாள் குளிக்கும்போது பார்த்தார். இளஞ்சிவப்புத் தோலின் ஓரத்தில் கறுப்பு ஒரு கோடாகத் திரும்ப வந்திருந்தது. போன தடவையைவிட அகலமாக வளைந்து போயிருந்தது. கையிலிருந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றி விரலால் தேய்த்தார். போகவில்லை.

அன்றிலிருந்து சாக்ஸ் போட ஆரம்பித்தார். இந்த ஊர்ப் புழுக்கத்தில் சட்டை போடுவதே பெரிய காரியம். கணபதி வீட்டுக்குள்ளும் சாக்ஸ், கோயிலுக்குப் போகும்போது வாசல்வரை சாக்ஸ், படுக்கும்போதும் சாக்ஸ். தரை ஜில்லென்று இருக்கிறது என்றார். மேஸ்திரி பணக்காரர் ஆகிவிட்டார் என்று ஜெட்டியில் கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார். உள்ளே பயம் அரித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று தினமும் காலையில் நினைப்பார். எந்த முகத்தோடு போவது? பெஞ்சுமேல் கால் தூக்கி வைத்தாயிற்று, தெலுங்குக்காரர் கும்பிட்டாயிற்று. ஆஸ்பத்திரி வரிசையில் தெரிந்தவன் ஒருவன் பார்த்தால் போதும், டீக்கடை பக்கமே தலைகாட்ட முடியாது. உயிருக்கும் மானத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஒரு மனிதர் சாக்ஸ் துவைத்துக்கொண்டிருந்தார். ஆமாம், அவரே துவைத்தார். ராசம்மா பார்த்துவிடக் கூடாதே.

ராசம்மா எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி என்ற பேச்சையே விட்டுவிட்டாள். அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. இவளே நம்பிக்கையை விட்டுவிட்டாளோ என்று தோன்றியது.

ஒரு சாயங்காலம் அகிலா வந்தாள். எப்போதும்போல் அடுக்களைக்குள் நுழையாமல், நாற்காலி நுனியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பரீட்சைக்கு வந்தவள் மாதிரி இருந்தது. ஆராய்ச்சியில் ஒரு பெரிய சிக்கல் என்றாள். தட்டில் செத்த செல்கள் இருக்கின்றனவே, அவை இங்கே உள்ளவை இல்லை, புனேயிலிருந்து பிளேனில் ஐஸ் பெட்டியில் வந்தவை.

“எல்லாமே மெயின்லேண்ட் செல்லு அங்கிள்,” என்றாள். “தீவுல வந்த கேன்சர் மேல இந்த இலைய யாரும் போட்டுப் பார்த்ததே இல்ல. அது மெயின்லேண்ட் செல் மாதிரி சுலபமா சாகுமான்னு யாருக்கும் தெரியாது.”

கணபதி மெதுவாக நிமிர்ந்தார். முகத்தில் ரத்தம் ஏறியது. மெயின்லேண்ட் செல்லா! ஐஸ் பெட்டியில் வந்ததா! அதுதான் ஒரு சொட்டுச் சாற்றுக்குச் சுருண்டுவிட்டது. அங்கிருந்து வருகிற எதற்குத்தான் உடம்பில் தெம்பு இருந்திருக்கிறது.

“அதானே பாத்தேன்,” என்றார். “இந்தா புள்ள, வாழ்நாள் பூரா ஜெட்டியில நின்ன காலு இது. இதுல வந்தது சும்மா ஒரு இலைக்குச் சாகுமா?”

சாகாது என்று அகிலா ஒப்புக்கொண்டாள். தீவுக் கேன்சர் என்ன ரகம் என்று பார்க்க ஒரு துண்டு வெட்டி எடுக்க வேண்டும், ஆனால் அதைத் தான் செய்ய முடியாது, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்தான் செய்ய வேண்டும் என்றாள். அடுப்படியில் ராசம்மா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. கணபதி கொஞ்சம் யோசிக்கிறவர்போல் மீசையைத் தடவினார். ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் தன் சௌகரியம் பார்க்க முடியுமா, வருகிறேன் என்றார். சொன்ன மாத்திரத்தில் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. சிலோனில் பிறந்தவருடைய கேன்சர் எப்படித் தீவுக் கேன்சர் ஆகும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

ஜெட்டியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார். சிகிச்சைக்கு இல்லை, ஆராய்ச்சிக்கு. முனியாண்டி அவர் தோளில் துண்டு போட்டு வழியனுப்பினான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சாக்ஸைக் கழற்றச் சொல்லி, விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். கண்ணாடி போட்டிருந்தார்தான். ஆனால் அந்தக் கண்ணாடி வழியாக அவர் பார்த்த பார்வையில் கணபதி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“யே பத்தா கிஸ்னே லகாயா?” என்று கேட்டார்.

இலை போட்டது யார் என்பதற்குக் கணபதி பதில் சொல்லாமல் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். ராசம்மா அவரைப் பார்த்தாள். டாக்டரம்மாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் இந்தியில் வெளுத்து வாங்கினார். மேலே பொசுக்கி மூடி வைத்தால் கீழே இருப்பது எங்களுக்கு எப்படித் தெரியும், இத்தனை நாள் வீணாகிவிட்டதே என்றார். ஜெட்டியில் நூறு பேரை அதட்டி வேலை வாங்குகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் ஜி மேடம் என்றார்.

துண்டு வெட்டிப் பார்த்ததில் புற்றுநோய்தான் என்று வந்தது. ரொம்ப ஆழம் போகவில்லை போலத் தெரிகிறது, ஆனால் சென்னைக்குப் போய் அகலமாக வெட்டி எடுத்து, தொடை இடுக்கில் நெறி கட்டுகிற இடத்தில் பரவியிருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும் என்றார்கள். கணபதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிளேனில் போகச் சொன்னதற்கு மட்டும், கப்பல் என்றால் ஓட்டுகிறவனை எனக்குத் தெரியும், பிளேனில் யாரைத் தெரியும் என்று முரண்டு பிடித்தார். ராசம்மா டிக்கெட்டைக் கையில் கொடுத்தாள். அது பிளேன் டிக்கெட்டாக இருந்தது. பேசாமல் போய் ஏறினார்.

சென்னையில் வெட்டினார்கள். குதிகாலில் ஒரு கை அள்ளுகிற அளவுக்கு எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டினார்கள். நெறியிலிருந்து எடுத்ததைச் சோதித்து முடிவு வரும்வரை கணபதி ஒரு வேளைகூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மெயின்லேண்ட் தக்காளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.  திட்டுங்களேன், இந்தச் சாம்பாரைப் பாருங்களேன் என்று ராசம்மாவே எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு என்றார். அவள் வெளியே போய் வராந்தாவில் நின்று அழுதுவிட்டு வந்தாள்.

நெறி சுத்தமாக இருக்கிறது, பரவவில்லை என்று முடிவு வந்த அன்று, கணபதி கட்டிலில் சாய்ந்து கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ராசம்மாவிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றார். கறுப்பு திரும்ப வந்தது தனக்கு முன்னாலேயே தெரியும் என்றார். தீவுக் கேன்சர், மெயின்லேண்ட் கேன்சர் என்பதெல்லாம் சுத்தப் பேத்தல் என்றும் அன்றே தெரியும் என்றார்.

“பயந்துபோய்க் கெடந்தேன். எறங்கி வர ஒரு வழி இல்ல. அகிலா புள்ள பாவம், என்னமோ அப்பாவியாச் சொல்லுச்சு. நான் அதப் புடிச்சுக்கிட்டேன்.”

ராசம்மா சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் புள்ளைக்கு எங்க அதெல்லாம் வருது,” என்றாள். “செல்லு புனேயில இருந்து வந்ததுன்னு மட்டுந்தான் சொல்லுச்சு. மத்ததெல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஒப்பிக்க வைக்கிறதுக்குள்ள உசுரு போயிருச்சு. பாதியில சிரிச்சுரும், இல்லன்னா அழுதுரும்.”

 சாக்ஸ் வாங்கிய அன்றே தெரிந்துவிட்டது என்றும், துணிக்கொடியில் காயப்போட்ட சாக்ஸில் குதிகால் பக்கம் கறை இருந்தது என்றும் அவள் சொன்னாள்.  கணபதி, ஜெட்டியில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டார். இந்த நிலையிலும் அதுதான் முதல் கேள்வி.

“அங்க ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க ஆராய்ச்சிக்குத்தான் போயிருக்கீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். தலை நிமிர்ந்தே போகலாம், அதப் பத்திக் கவலப்படாதீங்க.”

அவருக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷம் இவளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தார். அவளோ அவர் சொன்ன கதையையெல்லாம் கீழே விழாமல் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். சாத்துக்குடிச் சுளையை வாங்கி வாயில் போட்டார். அப்போது ஒன்று உறைத்து, மெல்வதை நிறுத்தினார். முனியாண்டியின் கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். மரு உதிர்ந்த இடத்தில் மறுபடி ரத்தம் கசிகிறதாம், விஜயனிடம் சொல்லி இன்னும் இலை வரவழைத்திருக்கிறானாம் என்றாள் ராசம்மா.

கணபதி கையை நீட்டினார். ராசம்மா போனைக் கொடுக்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள். சொன்னால் ஜெட்டி முழுக்கத் தெரிந்துவிடும் என்றாள். தெரியட்டும் என்றார்.

முனியாண்டி எடுத்ததும், ஆராய்ச்சி எப்படிப் போகிறது மேஸ்திரி என்று உற்சாகமாகக் கேட்டான். பின்னால் கிரேன் சத்தம் கேட்டது.

“அந்த இலையத் தூக்கிப் போடு,” என்றார் கணபதி. “எனக்கு ஆராய்ச்சியும் இல்ல, மண்ணும் இல்ல. கேன்சர்தான். இல மேல்தோலத்தான் பொசுக்குச்சு, அது உள்ளயேதான் இருந்துச்சு. இப்ப வெட்டி எடுத்துட்டாங்க. மத்தவங்களுக்கும் சொல்லிரு.”

அந்தப் பக்கம் கிரேன் நின்றது.  பயமாக இருக்கிறது மேஸ்திரி என்றான் முனியாண்டி, சின்னக் குரலில்.

“எனக்கும் அப்படித்தாண்டா இருந்துச்சு,” என்றார் கணபதி. “நாளைக்குக் காலையில டாக்டரம்மாகிட்டப் போ. திட்டுவாங்க. தலையக் குனிஞ்சு வாங்கிக்க.”